இரட்டைக் கார்புரேட்டர் சமன்செய்தல்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு குடும்பக் கார்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சென்னையில் 1961 முதல் உருவாக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒற்றைக் கார்புரேட்டர் கொண்டது. அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த விளையாட்டுக் கார்கள் இங்கிலாந்தில் இரட்டைக் கார்புரேட்டருடன் வெளிவந்தன. இரு கார்புரேட்டர்களை ஒன்றாக இயங்கச் செய்யும் 'சமன்செய்தல்' என்னும் பணியின் இயற்பியல் அடிப்படையையும் செய்முறை வரிசையையும் இக்கட்டுரை விளக்குகிறது. காற்றின் அளவைச் சமன்செய்த பின்னரே கலவையைத் திருத்த வேண்டும் என்பதும், இவ்வரிசை மாறினால் ஒரு பிழையை மறைக்க மற்றொரு பிழை செய்யப்படும் என்பதும் இதன் மையக் கருத்து. திருவண்ணாமலை போன்ற வெப்பமிகு உள்மாவட்டச் சூழலும் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலும் இப்பணியில் ஏற்படுத்தும் மாற்றங்களும், இவ்வறிவைத் தாங்கி நிற்கும் பட்டறைத் தமிழும் இறுதியில் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கார்புரேட்டர், சமன்செய்தல், காற்று–எரிபொருள் விகிதம், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பட்டறைத் தமிழ், அறிவியல் தமிழ், திருவண்ணாமலை.

முன்னுரை

பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லும் காற்றையும் எரிபொருளையும் உரிய அளவில் கலந்து தரும் கருவி கார்புரேட்டர். இந்தியக் கார்களில் 2000ஆம் ஆண்டையொட்டி மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை பரவலாயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகளுக்குப் பின் புதிய இருசக்கர வாகனங்களிலும் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மறைந்துவிடவில்லை. கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகம் பழங்கார்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளது. தனியார் பலரும் தம் வண்டிகளை ஓடும் நிலையில் பேணி வருகின்றனர்.

வண்டியைப் பேணுவது வேறு. அதனை இயக்கும் அறிவைப் பேணுவது வேறு. கார்புரேட்டரைச் சீர்செய்யும் அறிவு பெரும்பாலும் பட்டறைகளில் வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் கடத்தப்பட்டு வந்தது. அதிலும் இரட்டைக் கார்புரேட்டர் சமன்செய்தல் மிகச் சிலரே கற்ற பணி. எழுத்தில் பதிவாகாத இவ்வறிவு, அறிந்தவர்களோடு மறைந்துபோகும் நிலையில் உள்ளது. அப்பணியைக் காரணத்தோடு தமிழில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே குடும்பம், இரு வகைக் கார்கள்

டிரையம்ப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. அதன் தோற்றத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. இக்காரைச் சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் பெயரில் உருவாக்கியது. பின்னாளில் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு இந்தியாவுக்கென்றே வடிவம் பெற்றது. 1972இல் இதன் வழித்தோன்றலாகக் 'கெஸல்' வந்தது.

இந்திய ஹெரால்டில் 948 கன சென்டிமீட்டர் எஞ்சினும் ஒற்றைக் கார்புரேட்டரும் அமைந்திருந்தன. இங்கிலாந்தின் முதல் ஹெரால்டு சலூன் காரில் இதே கொள்ளளவுள்ள எஞ்சின் 34.5 குதிரைத்திறன் தந்தது. அங்கே வெளிவந்த ஹெரால்டு கூப்பே வகையில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் பொருத்தப்பட்டு, பிற மாற்றங்களும் செய்யப்பட்டபோது அது ஏறத்தாழ 45 குதிரைத்திறனாக உயர்ந்தது. 1962இல் ஹெரால்டின் சட்டகத்தைத் தழுவி உருவான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் விளையாட்டுக் கார் 1147 கன சென்டிமீட்டர் எஞ்சினும் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களும் கொண்டு 63 குதிரைத்திறன் அளித்தது. இவ்வுயர்வு முழுவதும் கார்புரேட்டர்களால் மட்டும் விளைந்ததன்று. காம் தண்டின் வடிவம், அழுத்த விகிதம், புகைபோக்கிக் குழாயின் அமைப்பு ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. எனினும் எஞ்சின் கூடுதலாக மூச்சிழுக்க வழி செய்தவற்றுள் இரட்டைக் கார்புரேட்டர் முதன்மையானது.

தமிழகத்தில் மோட்டார் பந்தயத்துக்கும் நெடிய மரபுண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்றன. அவற்றை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பின்னர் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடத்தை அமைத்தது. எஞ்சினிலிருந்து கூடுதல் ஆற்றலைப் பெறும் முயற்சிகளுக்கு இத்தகைய களங்களே தூண்டுதலாயின.

இரண்டு கார்புரேட்டர்கள் ஏன்?

நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரே கார்புரேட்டர் நடுவில் அமைந்தால், முதல் சிலிண்டருக்கும் நான்காம் சிலிண்டருக்கும் செல்லும் கலவை நெடுந்தொலைவு கடந்து, வளைவுகளில் திரும்பிச் செல்ல வேண்டும். அவ்வழியில் பெட்ரோல் துளிகள் குழாய்ச் சுவரில் படியும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிடைக்கும் கலவை சற்றே வேறுபடும். இரண்டு கார்புரேட்டர்கள் இருந்தால் முன்னது 1, 2 ஆகிய சிலிண்டர்களுக்கும் பின்னது 3, 4 ஆகிய சிலிண்டர்களுக்கும் கலவை தரும். வழி குறுகும், காற்று நுழையும் பரப்பும் கூடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இவ்வெஞ்சினின் எரிவரிசை 1–3–4–2. அதாவது உறிஞ்சும் வீச்சுகள் முன், பின், பின், முன் என்னும் ஒழுங்கில் அமைகின்றன. ஒவ்வொரு கார்புரேட்டரும் அடுத்தடுத்து இரு முறை உறிஞ்சப்பட்டு, அடுத்த இரு முறை ஓய்ந்திருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைத் தணிக்க இரு பக்க உட்கொள் குழாய்களையும் ஒரு சிறு சமக்குழாய் இணைக்கிறது. அது துடிப்புகளைத் தணிக்குமே தவிர, கார்புரேட்டர்களின் திருத்தத்தில் உள்ள வேறுபாட்டை ஈடுசெய்யாது.

எஸ்.யூ. கார்புரேட்டரின் இயக்கம்

சமன்செய்தலின் வரிசையைப் புரிந்துகொள்ள எஸ்.யூ. கார்புரேட்டரின் இயக்கம் தெளிவாக வேண்டும். இதன் காற்று வழி நிலையான அளவுடையதன்று. மணி போன்ற மேற்கலத்துக்குள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன், காற்று செல்லும் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது திராட்டில் இதழ் திறக்கிறது. எஞ்சினின் உறிஞ்சல் பிஸ்டனுக்கு மேலுள்ள கலத்தை எட்ட, பிஸ்டன் மேலெழுகிறது. இடைவெளி காற்றின் அளவுக்கேற்ப விரிவதால் ஜெட்டின் மேல் செல்லும் காற்றின் விரைவும் அங்குள்ள உறிஞ்சலும் ஏறக்குறைய மாறாமல் இருக்கின்றன.

பிஸ்டனின் அடியில் பொருத்தப்பட்ட ஊசி, ஜெட்டின் துளைக்குள் இறங்கியிருக்கும். 'நீடில்' என வழங்கும் இவ்வூசி கீழ்நோக்கிச் செல்லச் செல்ல மெலியும். பிஸ்டன் உயர உயர ஊசியின் மெலிந்த பகுதி ஜெட்டில் நிற்பதால் கூடுதல் பெட்ரோல் வெளிப்படும். ஆகவே பிஸ்டன் நிற்கும் உயரம் காற்றின் அளவைக் காட்டுகிறது. அவ்வுயரமே பெட்ரோலின் அளவையும் முடிவுசெய்கிறது. ஜெட்டின் அடியிலுள்ள ஆறுமுக நட்டைத் திருகி ஜெட்டை ஏற்றினால் கலவை மெலியும், இறக்கினால் செறியும்.

வரிசை ஏன் இன்றியமையாதது?

முன் கார்புரேட்டரின் திராட்டில், பின்னதைவிடச் சற்றே கூடுதலாகத் திறந்திருப்பதாகக் கொள்வோம். ஐட்லிங் நிலையில் திராட்டில் இதழின் விளிம்பில் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. ஒன்றில் அது 0.10 மில்லிமீட்டராகவும் மற்றொன்றில் 0.15 மில்லிமீட்டராகவும் இருந்தால், வேறுபாடு 0.05 மில்லிமீட்டர்தான், ஆனால் ஒரு பக்கம் ஒன்றரை மடங்கு காற்று நுழைய வழியுண்டு. இரு பிஸ்டன்களும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். இரு ஊசிகளின் வெவ்வேறு பகுதிகள் ஜெட்டுகளில் நிற்கும்.

இந்நிலையில் எஞ்சின் நடுங்கும். நடுக்கத்தைக் கண்டு முதலில் கலவையைத் திருத்தினால், ஒரு ஜெட்டை ஏற்றியும் மற்றொன்றை இறக்கியும் நடுக்கம் ஓரளவு அடங்கலாம். அப்போது செய்யப்பட்டது திருத்தமன்று. காற்றில் இருந்த பிழையைப் பெட்ரோலால் மறைத்ததே. சாலையில் திராட்டில் பாதி திறந்ததும் அந்த 0.05 மில்லிமீட்டர் வேறுபாடு பொருளற்றுப் போகிறது. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைப் பெறுகின்றன. ஆனால் ஜெட்டுகளின் உயர வேறுபாடு அப்படியே நிற்கிறது. ஒரு பக்கச் சிலிண்டர்கள் செறிந்த கலவையிலும் மறுபக்கச் சிலிண்டர்கள் மெலிந்த கலவையிலும் சுமை இழுக்கின்றன. மெலிந்த கலவை நெடுநேரச் சுமையில் வெப்பத்தை மிகுவித்து வெளிப்போக்கு வால்வுகளையும் பிஸ்டனையும் சிதைக்க வல்லது. வீட்டு வாசலில் அமைதியாக நின்ற கார் நெடுஞ்சாலையில் கெடுவதற்கு இது ஒரு காரணம்.

முன்நிபந்தனைகள்

கார்புரேட்டரைத் தொடும் முன் மற்றவை சீராக உள்ளனவா எனக் காண வேண்டும். டாப்பெட் இடைவெளி, பிளக்குகள், கான்டாக்ட் பாயின்ட், தீப்பொறி நேரம் ஆகியவை உரிய அளவில் இருத்தல் வேண்டும். நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும்; ஒரு சிலிண்டர் தளர்ந்திருந்தால் எந்தத் திருத்தமும் நிலைக்காது. கேஸ்கெட் வழியாகவோ தேய்ந்த திராட்டில் தண்டின் ஓரமாகவோ காற்று கசிந்தால் அதனை முதலில் நீக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு பிஸ்டனையும் விரலால் உயர்த்தி விட வேண்டும். அது தடையின்றி இறங்கி, அடியில் 'டிக்' என்னும் ஓசையுடன் அமர வேண்டும். ஓசை இல்லையெனில் ஊசி ஜெட்டில் உரசுகிறது எனக் கொள்ளலாம். ஜெட்டை மீண்டும் மையப்படுத்த வேண்டும். மேற்கலத்தின் நடுக்குழாயில் உரிய அளவு எண்ணெய் இருக்க வேண்டும். திடீரென ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் தணித்து, அந்நொடியில் கலவையைச் சற்றுச் செறிவாக்குவது இவ்வெண்ணெயே. மிதவை அறைகளில் பெட்ரோல் மட்டம் இரண்டிலும் ஒன்றாக இருத்தலும் தேவை.

செய்முறை

*முதல் நிலை – இணைப்பைப் பிரித்தல்.* இரு திராட்டில் தண்டுகளை இணைக்கும் பிடிப்புகளையும், சோக் இணைப்பையும் தளர்த்த வேண்டும். இரு கார்புரேட்டர்களும் தனித்தனியே இயங்கினால்தான் ஒவ்வொன்றின் நிலையும் தெரியும். இரு ஜெட்டுகளையும் காற்று வழியின் அடித்தளத்தோடு சமமாகும்வரை ஏற்றி, பின்னர் நட்டை இரண்டு முழுச் சுற்றுகள், அதாவது பன்னிரண்டு முகங்கள், இறக்குவது தொடக்க நிலை. இரு ஐட்லிங் திருகுகளையும் இதழ் மூடிய நிலையிலிருந்து ஒரே அளவு திருப்பி வைக்க வேண்டும்.

*இரண்டாம் நிலை – காற்றுச் சமன்.* எஞ்சின் முழு வெப்பநிலையை அடைந்த பின், காற்று வடிகட்டிகளைக் கழற்றிய நிலையில் இதனைச் செய்ய வேண்டும். ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்தால் காற்று நுழையும் சீறல் கேட்கும். இரு வாயிலும் குழாய் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். சீறலின் உரமும் தொனியும் ஒன்றாகும்வரை ஐட்லிங் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். காற்றோட்டமானி இருந்தால் அளவை நேரடியாகக் காணலாம். எஞ்சின் வேகம் கூடினால் இரு திருகுகளையும் ஒரே அளவு குறைக்க வேண்டும். சுழலும் மின்விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகில் செய்யப்படும் பணியாதலால் தளர்ந்த உடையும் தொங்கும் துண்டும் ஆகா. பெட்ரோல் ஆவி தேங்காத திறந்த இடமே ஏற்றது.

*மூன்றாம் நிலை – கலவை.* இரு ஜெட் நட்டுகளையும் ஒரு நேரத்தில் ஒரு முகம் வீதம் ஒன்றுபோல் திருப்பி, எஞ்சின் மிக விரைவாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் காண வேண்டும். பின்னர் ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை, அதற்கென அமைந்த ஊசியால் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்திப் பார்க்க வேண்டும். பிஸ்டனை உயர்த்துவது அந்தப் பக்கக் கலவையைச் சற்று மெலியச் செய்யும் செயல். எனவே எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால், அதற்கு முன் கலவை செறிவாக இருந்தது எனலாம். வேகம் உடனே தளர்ந்தால் கலவை முன்பே மெலிந்திருந்தது. மிகச் சிறிதே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரியானது. ஒன்றின் திருத்தம் மற்றொன்றின் மேல் சுமையை மாற்றுவதால், முன், பின், மீண்டும் முன் என மாறி மாறிச் சோதிக்க வேண்டும்.

புகைபோக்கியின் ஒலியும் சான்றாகும். ஒழுங்கற்ற தெறிப்பொலியும் நிறமற்ற புகையும் மெலிந்த கலவையைக் குறிக்கும். தாளம் தவறாமல் விட்டுவிட்டு வரும் தடங்கலும் கரும்புகையும் செறிந்த கலவையைக் குறிக்கும்.

*நான்காம் நிலை – மறுசோதனை.* கலவை மாறினால் எஞ்சின் வேகம் மாறும். வேகம் மாறினால் காற்றும் மாறும். ஆகவே இரண்டாம் நிலைக்குத் திரும்பிச் சீறலை மீண்டும் ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு சுழற்சிகளில் இது நிலைபெறும்.

*ஐந்தாம் நிலை – இணைத்தல்.* பிடிப்புகளை முடுக்கும்போது இரு இதழ்களும் ஒரே கணத்தில் திறக்கத் தொடங்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இணைத்த பின் எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்றில் நிறுத்திச் சீறலை மீண்டும் ஒப்பிட வேண்டும். ஐட்லிங்கில் ஒன்றாகவும் 1500 சுற்றில் வேறாகவும் இருந்தால் குறை திருகுகளில் இல்லை, இணைப்பில் உள்ளது. இச்சோதனையைத் தவிர்ப்பது முந்தைய நான்கு நிலைகளின் உழைப்பையும் வீணாக்கும்.

இந்தியச் சாலைகளில் பலர் அறிந்த இரட்டைக் கார்புரேட்டர் வண்டி 1980களில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் உருவாக்கிய ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள். அதன் இரு சிலிண்டர்களுக்கும் தனித்தனிக் கார்புரேட்டர். இதழுக்கு மாறாக இழுவைக் கம்பியால் ஏறும் ஸ்லைடுகள் அமைந்திருந்தாலும் விதி மாறவில்லை: இரு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழ வேண்டும், அதன் பின்னரே ஏர் ஸ்குரூவைத் தொட வேண்டும்.

திருவண்ணாமலைச் சூழலும் இன்றைய பெட்ரோலும்

கையேடுகள் தரும் அளவுகள் இங்கிலாந்தின் தட்பவெப்பத்தை மனத்திற்கொண்டவை. திருவண்ணாமலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியஸை எட்டுவதுண்டு. 15 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயரும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. எஸ்.யூ. அமைப்பில் கலவையின் செறிவு அடர்த்தியின் இருபடி மூலத்தை ஒட்டி மாறுவதால், அது ஏறத்தாழ 4 விழுக்காடு கூடும். சவ்வாது மலைக்கு ஏறும்போது காற்று மேலும் மெலிய, செறிவு இன்னும் சற்றுக் கூடும்.

மறுபுறம் எரிபொருளும் மாறிவிட்டது. தூய பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 பங்கு போதும். எனவே பழைய திருத்தத்தில் விடப்பட்ட கார்புரேட்டர், இப்பெட்ரோலில் ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்த கலவையைத் தரும். கோடை வெப்பம் இதில் ஒரு பாதியை ஈடுகட்டுகிறது; மறுபாதியை ஜெட்டை இறக்கியே ஈடுகட்ட வேண்டும். மார்கழிக் குளிரில் அந்த ஈடும் குறைந்துவிடும். எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்க் அடைப்புகளையும் கெடுக்க வல்லது என்பதால் அவற்றை மாற்றிய பின்னரே திருத்தம் தொடங்க வேண்டும்.

பௌர்ணமி நாள்களில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய சாலைகளில் வாகனங்கள் ஊர்ந்தே செல்ல இயலும். எஞ்சின் நெடுநேரம் ஐட்லிங்கில் நிற்க, பானெட்டுக்குள் வெப்பம் தேங்கும். மிதவை அறையில் பெட்ரோல் ஆவியாகும். நெடுஞ்சாலையில் தெரியாத சிறு சமனின்மை இங்கே நடுக்கமாகவும் எஞ்சின் அணைதலாகவும் வெளிப்படும்.

பட்டறைத் தமிழ்

'கார்புரேட்டர்', 'ஜெட்', 'நீடில்', 'ஐட்லிங்' எனப் பட்டறையின் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் கடன் பெற்றவை. வினைகளோ தமிழ்: ஏற்று, இறக்கு, முடுக்கு, தளர்த்து, இழு, விடு. 'மிஸ் அடிக்கிறது', 'பிக்கப் இல்லை', 'காற்று வாங்குகிறது' என்னும் தொடர்கள் குறைகளின் அறிகுறிகளைத் துல்லியமாகப் பிரித்துரைக்கின்றன. மணவை முஸ்தபா போன்றோரின் அகராதிப் பணி அறிவியல் தமிழுக்குப் பெயர்ச்சொற்களைப் பெருக்கித் தந்தது. செய்முறை அறிவைப் பதிவுசெய்ய அவை மட்டும் போதா. எது முதலில், எது அடுத்து, ஏன் என்பதைச் சொல்லும் வினைகளும் தொடர்களும் தேவை. அவை பட்டறைகளில் முன்பே வழக்கில் உள்ளன. தொகுக்கப்படாமையே குறை.

முடிவுரை

இரட்டைக் கார்புரேட்டர் சமன்செய்தல் செவிக்கூர்மையாலும் பொறுமையாலும் அமையும் பணி எனினும், அதன் உள்ளே தெளிவான காரண ஒழுங்கு உண்டு. காற்றே ஊசியின் உயரத்தை முடிவுசெய்வதால் காற்றுச் சமனே முதலில் அமைய வேண்டும். கலவைத் திருத்தம் அதன்மேல் எழுப்பப்படுவது. இணைப்பின் ஒத்திசைவு அவ்விரண்டையும் சாலைக்குக் கொண்டு சேர்ப்பது. வெப்பம், உயரம், எரிபொருள் ஆகியவை அளவுகளை மாற்றும், வரிசையை மாற்றா. காரணம் அறிந்தவர் புதிய பெட்ரோலுக்கும் புதிய ஊருக்கும் தாமே திருத்தம் காண்பார். அளவை மட்டும் மனனம் செய்தவர் கையேட்டோடு நின்றுவிடுவார். கார்புரேட்டரோடு முதுமை எய்திய தமிழகப் பட்டறைகளின் செய்முறைகளையும் சொல்வழக்குகளையும் களஆய்வு வழியாக ஒலிப்பதிவும் எழுத்துமாகத் தொகுப்பது, தொழில்நுட்ப வரலாற்றுக்கும் தமிழ்ச் சொல்வளத்துக்கும் காலம் கடவாமல் செய்ய வேண்டிய பணியாகும்.